சந்தையில் கேட்ட குரல்

“நாளையிலேர்ந்து நான் வரலை அம்மா,” என்றார் திருமேனி ஓதுவார்.

வடிவம்மை தலை நிமிரவில்லை. ஆற்றுப்படியில் உட்கார்ந்து, நோயாளிகளின் புண்ணில் கட்டிய துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. என்றாலும் அவள்தான் குரு.

யாரும் அண்டாத நோயாளிகளை அவள் தன் குடிசையில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு, சிவனுக்கு இதைவிட நல்ல பூசை கிடையாது என்று மூன்று வருஷத்துக்கு முன் அவளைத் தேடி வந்தவர் அவர்.

சீழைத் தொட்ட கையோடு சந்நிதியில் நின்று பாடக் கூடாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். தெருவில் அவருக்குச் சீழோதுவார் என்று பெயர் வந்தது. மகள் வீட்டில் தனித் தட்டு வைத்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

இன்றைக்கு முடியவில்லை.

எண்ணெய் வியாபாரி மாடக்கண்ணு ஆடி மாசம் தொண்டையில் கட்டியோடு வந்து விழுந்தவன். வாயைத் திறக்க முடியாது. நாற்பது நாள் கஞ்சித் தெளியைப் பஞ்சில் நனைத்து அவன் உதட்டில் பிழிந்தவர் ஓதுவார். வலியில் அவன் துடித்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பதிகம் பாடியவரும் அவர்தான்.

அந்த மாடக்கண்ணுதான் காலையில் சந்தையில் கூட்டம் சேர்த்திருந்தான். ஓதுவார் மூக்கைச் சுளித்துக்கொண்டே பதிகம் பாடுவது எப்படி என்று நடித்துக் காட்டினான். அவர் வந்து நின்றதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சுளித்தான். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓதுவாருக்குக் குரல் உடைந்துவிட்டது.

வடிவம்மை துணியைப் படியில் வைத்தாள்.

“பாடினானா?”

“பாடினான்.”

“நடுவுல இருமினானா?”

“இல்லை.”

“உச்சத்துல குரல் ஏறிச்சா?”

ஓதுவாருக்கு ஆத்திரமாக வந்தது. அவமானப்பட்டு வந்து நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“நல்லாவே ஏறிச்சு. சந்தை பூரா கேட்டுச்சு. போதுமா அம்மா?”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையோடு கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

வெகு நேரம் கும்பிட்டாள்.

பிறகு கேட்டாள். “நாற்பது நாளும் நான் சிவன்கிட்ட கேட்டது இதைத்தான் ஓதுவாரே. நீங்க என்ன கேட்டீங்க?”

ஓதுவார் அந்த நாற்பது நாளையும் நினைத்துப் பார்த்தார். நாக்கு கசந்தது.

படியில் கிடந்த துணியை எடுத்து அலச ஆரம்பித்தார். சந்தைச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.