ஐந்தை ஆறாக்குவது

"பிள்ளை, இந்த அஞ்சை ஆறாக்க ஏலுமோ?"

பேரின்பநாயகம் சேர் கேட்டது ஒரு சோடிக் கால்களிடம். மிச்ச உடம்பு ஒரு காருக்கு அடியில் இருந்தது.

"ஏலும்" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏலாது என்று சொல்வாள், கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் ஆயத்தமாக வந்திருந்தார்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்."

மாதுமை வெளியே வந்து கையைத் துடைத்தாள். முப்பத்தைந்து வயது. கொக்குவிலில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறாள். பழைய ஜப்பான் வேகக் கார்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் இவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

சேருக்கு அறுபத்தொன்று. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மாதுமையும் ஒரு காலத்தில் அவருடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவள்தான். இப்போது ஒரு வருசமாகச் சனிக்கிழமை தோறும் அவர் இவளிடம் வந்து படிக்கிறார். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று முடிந்து இரண்டாவது நடக்கிறது.

படிப்பது சேசி நம்பர். காரின் உடம்பில் கம்பெனி அடித்து அனுப்பிய எழுத்தும் எண்ணும். மற்றவர்களுக்கு அது வெறும் நம்பர். வாசிக்கத் தெரிந்தவருக்கு அது அந்தக் காரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம்.

சேரின் கார் ஓர் எண்பத்தாறு, அதாவது சேசி நம்பரில் எட்டும் ஆறும் அடித்த பெரிய எஞ்சின் கார். அப்படித்தான் அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். யாரோ ஒருவரின் வளவில் கோழி அடைந்து கிடந்த வெறும் கார்க்கூட்டை எடுத்து, ஆறு வருசம் தன் கையாலேயே பூட்டிக் கட்டினார். வாங்கும்போது காரின் பதிவுப் புத்தகத்தில் கடைசி எண்ணின் மேல் முத்திரை மை ஊறியிருந்தது. சேசியில் அதே இடத்தில் ஒரு விரல் தடிப்பத்துக்குத் தார் பூசியிருந்தது. மைக்கும் தாருக்கும் அடியில் இருப்பது ஆறு என்று அவர் வாசித்துக்கொண்டார். வாசித்தது கண் இல்லை, ஆசை.

நேற்றுப் பெயின்ற் அடிக்கத் தாரைச் சுரண்டினார். ஐந்து வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கசூரினாக் கடற்கரைக்குப் போறம், பிள்ளை. என்ர கார் முதல்தரம் வருது. பொனட் திறந்து நம்பர் காட்ட வேணும்."

"அந்தச் சட்டம் ஆர் போட்டது?"

சேர் கராஜின் கூரையைப் பார்த்தார்.

சட்டம் போட்டது அவர்தான். பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிற இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு ஊர்வலம் போவார்கள். எண்பத்தாறுகள் முன்வரிசை. மற்றதெல்லாம் பின்னுக்கு. போன மாதம் ஜெயசீலன் என்கிற பாண்கடைக்காரர் தன்னுடையதும் எண்பத்தாறுதான் என்று நம்பி முன்வரிசையில் கொண்டுவந்து விட்டார். சேர் ரோச் லைற் அடித்து, குனிந்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: "எண்பத்தைந்து." ஜெயசீலன் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பிழை பிடிப்பதில் சேருக்குப் படிப்பித்த காலத்திலிருந்தே தனி ருசி. அவருடைய பிரியாவிடைக் கூட்டத்தில்கூட ஒரு பழைய பகிடியைச் சொல்லித்தான் கைதட்டு வாங்கினார். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தேர்ச்சி அறிக்கையில் கணக்குக்குக் கிடைத்த 55ஐப் பேனையால் 65 ஆக்கிவிட்டதாம். இவர் அதை வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "ஆறு வடிவா வந்திருக்கு. ஆனா கூட்டுத்தொகையை மாத்த மறந்திட்டாய், பிள்ளை" என்றாராம். வகுப்பே உருண்டு சிரித்ததாம்.

இருபது வருசமாக அந்தக் கதையைச் சொல்கிறார். அந்தப் பிள்ளை யார் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

"முதல்ல காரைத் திறவுங்கோ" என்றாள் மாதுமை.

அவர் பொனட்டைத் தூக்கினார். எஞ்சினுக்கும் ஆள் இருக்கிற இடத்துக்கும் நடுவில் நிற்கிற தகரத்தில் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"வாசியுங்கோ."

"ஏ. அது எஞ்சின்ர குடும்பம். ஈ. அது காரின்ர குடும்பம். எட்டு, தலைமுறை."

"மிச்சம்?"

"உனக்குத் தெரியாதே?"

"நீங்கள்தானே படிக்க வந்தனீங்கள்."

"அஞ்சு. சின்ன எஞ்சினோட பிறந்தது." குரல் இறங்கிவிட்டது. "ஆறெண்டால் பெரிசு."

"இப்ப இதில கிடக்கிற எஞ்சின்?"

"ஆறின்ரது. கொழும்பிலயிருந்து எடுப்பிச்சனான்."

"கியர் பெட்டி?"

"ஆறு."

"பின் அச்சு, பிரேக்?"

"எல்லாம் ஆறுதான், பிள்ளை. கதவுப் பிடி கூட ஆறு."

"அப்ப அஞ்சு எங்க கிடக்கு?"

சேர் அந்தத் தகரத்தைச் சுட்டு விரலால் தட்டினார். "இது மட்டும்தான்."

"கழட்டி எறியுங்கோவன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? இதைக் கழட்டினால் கார் எங்க? எல்லாம் இதிலதானே பூட்டிக் கிடக்கு! எஞ்சின்ர சூடு காலில அடிக்காமல் இருக்கிறதும் இதாலதானே!"

"ம்" என்றாள் மாதுமை.

அவருக்கு எரிச்சல் வந்தது. இந்த "ம்"மை அவர் ஒரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கொப்பியில் எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

"பிள்ளை, எனக்குப் பாடம் வேண்டாம். ஞாயிறு நான் அந்த ஆக்களுக்கு முன்னால நிக்க வேணும். ஜெயசீலனுக்கு முன்னால நிக்க வேணும். செய்து தருவியோ, மாட்டியோ?"

மாதுமை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் சுத்தியல், மற்றக் கையில் விரல் நீள இரும்பு அச்சு ஒன்று. அச்சின் நுனியில் ஆறு.

இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"நானோ?"

"ஒரு அடிதான். சின்ன வளைவு. மிச்சத்தை அரத்தால தேய்ச்சு விடலாம்."

அவர் அச்சை வாங்கினார். ஐந்தின் மேல் சரியாகப் பொருத்தினார். நாற்பது வருசம் சோக்குக் கட்டியால் வட்டம் போட்ட கை. நடுக்கமே இல்லை.

மாதுமை குனிந்து, பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை பார்ப்பவர்கள் மாதிரி, பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"வடிவா வரும், சேர்."

அவர் சுத்தியலைத் தூக்கினார்.

"கூட்டுத்தொகையை எங்க மாத்தப்போறியள்?"

சுத்தியல் தூக்கின இடத்திலேயே நின்றது.

அவர் மெல்லத் திரும்பினார். அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது நீயே?"

"ஓம், சேர்."

"எல்லாரும் சிரிச்சவை, என்ன?"

"நானும்தான் சிரிச்சனான். அழாமல் இருக்க வேற வழி தெரியேல்லை."

சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரியாவிடைக் கூட்டத்தின் கைதட்டு இப்போது காதுக்குள் கேட்டது. அவருக்குத் தன்னை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"நான் அதை இருபது வருசமா..."

"தெரியும், சேர். என்ர தம்பியும் உங்களிட்டத்தான் படிச்சவன்."

அவர் அச்சை எடுத்து அவள் கையில் வைத்தார். சுத்தியலையும் வைத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, ஐந்தின் மேல் ஒட்டியிருந்த தார்த்தூளை எண் நன்றாகத் தெரியும்வரை துடைத்தார்.

துடைத்து முடித்ததும் போனை எடுத்தார்.

"ஜெயசீலன் தம்பியே? பேரின்பநாயகம் கதைக்கிறன். ஞாயிறு வாறியள்தானே?"

மறுமுனையிலிருந்து கேள்விதான் வந்தது.

"பின்னுக்குத்தானே, சேர்?"

"ஓம், தம்பி. பக்கத்தில எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."