கேட்காமல் இறங்கிய கால்

நாவல் குட்டைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் மேட்டில் நிற்கும் நாவல் மரத்தடியில் நின்று, "இறங்கலாமா?" என்று கேட்பார்கள். கீழேயிருந்து "இறங்குங்க!" என்று பதில் வரும். அப்புறம்தான் இறங்குவார்கள். வந்தது யானையானாலும் சரி, முயலானாலும் சரி. ஒரே கேள்வி. ஒரே பதில்.

பதில் சொல்வது ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் நிறத்தில் நெட்டைக் கால். கண்ணோரம் சிவப்புத் தசை. அவள் மரத்தில் கூடு கட்டுகிறவள் அல்ல. கரைமேல், சரளைக் கல்லுக்கு நடுவே, வெறுந்தரையில் முட்டையிடுகிறவள். முட்டையும் கல்லும் ஒரே நிறம். பக்கத்தில் வந்து பார்த்தாலும் தெரியாது. அதனால், "வலது பக்கமா இறங்குங்க!" என்று சேர்த்துச் சொல்வாள். எல்லோரும் வலது பக்கமாகவே இறங்குவார்கள்.

சிறுத்தை மட்டும் கேட்காது. கேட்காமல் ஒரு கால் இறங்கினால் அது சிறுத்தையின் கால். ஆள்காட்டி உடனே மேலே எழும்பிக் கத்துவாள். குட்டை காலியாகிவிடும். பல வருஷம் இப்படித்தான் உயிர் பிழைத்தார்கள்.

அந்தப் பங்குனியில் ஆள்காட்டியிடம் நான்கு முட்டைகள் இருந்தன. முட்டையிட்ட மறுநாளே அவள் கணவனை ராஜாளி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒருத்தியே அடைகாத்தாள். வெயில் கொளுத்தியது. உச்சி வேளையில் சும்மா விட்டால் முட்டை வெந்துவிடும். அதனால் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தை முட்டைமேல் ஒற்றுவாள். போய்வரும் அந்தக் கொஞ்ச நேரம் முட்டைக்குக் காவல் கிடையாது. யாராவது "இறங்கலாமா?" என்றால், தண்ணீரில் இருந்தபடியே வழி சொல்லிவிடுவாள். அந்தக் கேள்விதான் காவல்.

அப்போதுதான் குரங்கு வந்தான். மலைப்பாதையில் வண்டிகள் நிற்கும் வளைவில் வளர்ந்தவன். அங்கே மனிதர்கள் வீசிய மிக்சரைத் தின்றான். அவர்கள் வீசிய வார்த்தைகளையும் பொறுக்கிக்கொண்டான். வந்தவன் நாவல் மரத்தில் ஏறி உட்கார்ந்தான்.

முதல் நாள் ஒரு முயல் வந்து, "இறங்கலாமா?" என்று கேட்டது.

மேலேயிருந்து குரங்கு ஒரு பதில் சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. முயலின் அம்மாவைப் பற்றியது. அவ்வளவு போதும்.

முயலுக்கு இரண்டு காதும் தொங்கிப்போயின. குட்டையில் நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு காட்டுப்பன்றி களுக்கென்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆள்காட்டி மட்டும், "தம்பி, இங்க அப்படிப் பேசறதில்ல" என்றாள்.

"ஓ! நீங்கதான் குட்டைக்கு வாட்ச்மேனா? கால் என்ன வாட்ச்மேனம்மா, ரெண்டு குச்சியை நட்டு வெச்சாப்ல இருக்கு!"

இன்னும் பெரிய சிரிப்பு. அவள் பக்கம் ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கு இன்னொருத்தர், "சீ, வாயை மூடு" என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

பன்றிக்குட்டி ஒன்று குரங்கிடம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டது. "இறங்கலாமா?" என்று வந்த முள்ளம்பன்றியின் மேல் அதில் ஒன்றை எடுத்து வீசியது.

"அட, எம்புள்ள வாயைப் பாருங்க!" தாய்ப்பன்றிக்குப் பெருமை தாங்கவில்லை.

"யக்கா, பிள்ளையக் கண்டிச்சு வையுங்க" என்றாள் ஆள்காட்டி.

"சின்னப்புள்ள ஏதோ தமாஷு பண்ணுது. உனக்கு எங்க எரியுது?"

சாயங்காலம் அதே குட்டி தாயைப் பார்த்து, "தள்ளிப் படுடி!" என்றது. அதற்கும் அவள் சிரித்தாள். கொஞ்சம் குறைவாக.

பத்து நாளில் கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள். கேட்டால் ஏச்சு. கேட்காவிட்டால் தொல்லையில்லை. காட்டெருமைகள் முதலில் விட்டன. "குட்டை என்ன அவ அப்பன் வெட்டினதா? நாம எதுக்குக் கேக்கணும்!" என்று நேரே இறங்கின. கேட்காத காலடி கேட்டதும் ஆள்காட்டி எழும்பிக் கத்தினாள். எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் எருமை!

ஒரு நாளில் இப்படி ஏழெட்டுத் தடவை.

"பொய்க்காரி!" என்றார்கள். "சும்மா சும்மா கத்தி உயிரை வாங்கறா!" என்றார்கள். அப்புறம் அவள் கத்தினால் யாரும் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

கடைசிவரை கேட்டவள் கடமான் ஒருத்திதான். கனத்த உடம்பு. மெல்லிய குரல். அவள் மரத்தடியில் நின்றாலே குரங்குக்குக் கொண்டாட்டம். அவள் நடையைப் பற்றி, இடுப்பைப் பற்றி, கூட்டத்தின் நடுவில் உரக்கச் சொன்னான். பன்றிக்குட்டிகள் விசிலடித்தன. ஒரு நாள் கடமான் தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள்.

ஆள்காட்டி பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா! எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்களாவது கேட்டுட்டு வாங்க. இன்னும் ஆறே நாள். பொரிச்சதும் குஞ்சு நடந்துடும். அதுக்கப்புறம் நீங்க கேக்கவே வேண்டாம்."

"காது கூசுது தங்கச்சி."

"தெரியும்க்கா. எனக்கு வேற யாரும் இல்ல."

கடமான் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. உனக்காகக் கேக்கறேன்."

மறுநாள் கேட்டாள். ஏச்சு வாங்கினாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். வாங்கினாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடமான் தூரத்திலேயே நின்று பார்த்தாள். மரத்தின் வலது பக்கம் குரங்கும் பன்றிக்குட்டிகளும் எதையோ சொல்லிச் சொல்லி உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இறங்கலாமா" என்று கேட்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும், என்று நினைத்தாள். அவர்கள் கண்ணில் படாமல் இடது பக்கமாக விறுவிறுவென்று இறங்கினாள். பார்வையெல்லாம் அவர்கள் மேலேயே இருந்தது. தரையில் இல்லை.

முட்டை உடைவது பெரிய சத்தமில்லை. அவளுக்குக் கேட்டது.

ஆள்காட்டி ஈர வயிற்றோடு ஓடிவந்தாள். பார்த்தாள். உடைந்த ஓட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களாக்கா?" என்றாள்.

"ஆமா."

"கேக்கலையே நீங்க."

"வாய்வரைக்கும் வந்துச்சு தங்கச்சி. அவனுங்க என்ன சொல்லுவானுங்களோன்னு..." கடமானால் முடிக்க முடியவில்லை. "என்னை ஏதாவது சொல்லு. திட்டு!"

"உங்களைத் திட்ட எனக்குத் தெரியாதுக்கா."

மேலேயிருந்து குரங்கு ஏதோ சொன்னான். அன்றைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் ஒரு வார்த்தை ஆறுதலும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்பது அதற்குள் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஆள்காட்டி பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தாள். இடையில் இரண்டு தடவை போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஓட்டின் மேல் உட்கார்ந்தாள். அதைப் பார்க்க முடியாமல் கடமான் போய்விட்டாள். இரண்டு மலை தாண்டி ஓர் ஓடை இருக்கிறது. அதற்கப்புறம் அவள் அங்கேதான் குடித்தாள். இந்தப் பக்கம் வரவில்லை.

விடிந்து பார்த்தால் ஆள்காட்டியும் இல்லை.

"தொல்லை விட்டுது!" என்றான் குரங்கு.

அவள் போன நாலாம் நாள் அந்திப் பொழுது. தாய்ப்பன்றி குட்டிகளோடு தண்ணீரில் நின்றாள். பின்னால் சரளையில் ஒரு காலடி கேட்டது. கேட்காமல் இறங்கிய கால். இப்போதெல்லாம் எல்லோரும் கேட்காமல்தானே இறங்குகிறார்கள்! அவள் திரும்பவில்லை.

"தள்ளி நின்னு குடிடா, எருமை!" என்றாள்.

அது எருமையில்லை.

நாலு வார்த்தை கற்ற அந்தக் குட்டியின் வாயிலிருந்து கடைசியில் வந்தது "அம்மா" என்ற ஒன்றுதான்.

மறுநாள் குட்டைக்கு எல்லோரும் வந்தார்கள். யாருக்கும் இறங்கத் தைரியம் இல்லை. புதரில் என்ன இருக்கிறதோ! தாய்ப்பன்றி மட்டும் நாவல் மரத்தடிக்கு வந்தாள்.

"இறங்கலாமா?"

மரத்தின் மேல் குரங்கு இருந்தான். எதற்கும் பதில் வைத்திருப்பவன். கீழே சரளையைப் பார்த்தான்.

"ஆள்காட்டி! இறங்கலாமா, தாயி?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

கரையில் வெயில் அடித்தது. கல்லோடு கல்லாக நாலு முட்டையின் ஓடுகள் கிடந்தன. தண்ணீர் பத்தடியில் பளபளத்தது. உச்சிவரை தாகத்தோடு நின்றார்கள். "இறங்குங்க" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

மரியாதையாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் முதலில் வாயடைத்துப் போவது நல்லவர்கள்தான். அவர்கள் வாயடைத்தபின் வருகிற கேடு, சிரித்தவர்கள் வீட்டுக்கும் கேட்காமலே வரும்.