தண்ணீர் வழியாக வந்தவர்கள்

மலையூர் ஏரிக்கரையில் ஒரு படகுச் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். அறுபது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பதினாறு படகுகள் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்க, அவர்கள் சீட்டாடினார்கள்.

தலைவர் வரதராஜுலு, காவலாளி வியாகுலத்தைக் கூப்பிட்டார். "இளவட்டம் ஒண்ணுகூட சேர மாட்டேங்குது. நீ வாசல்ல நின்னு விரட்டுறே. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இருபது பேர் வரலைன்னா உனக்கு வேலை இல்லை."

விரட்டச் சொன்னதே அவர்தான். தோல் ஷூவும் டையும் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

"அந்த விதியை எடுத்துடலாமாங்க?"

"விதியில கை வைக்காதே."

வியாகுலம் தான் திருப்பி அனுப்பியவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். ஞாயிறு காலை இருபது இளைஞர்கள் அரைக்கால் சட்டையோடு எதிர்க்கரையிலிருந்து சொந்தப் படகுகளில் துடுப்புப் போட்டு வந்து, சங்கத்துப் படித்துறையில் வெறுங்காலோடு இறங்கினார்கள்.

"இவங்களை யார் உள்ளே விட்டது?" என்று தலைவர் சீறினார்.

"வாசல் வழியா ஒருத்தரையும் விடலைங்க. தண்ணி வழியா வர்றவங்களுக்கு என்ன விதின்னு புத்தகம் பூரா தேடினேன். படகுச் சங்கத்துக்கு ஒருத்தர் படகுல வருவாருன்னு இங்கே யாருக்குமே தோணலைங்க."

தலைவர் இளைஞர்கள் நீட்டிய இருபது உறுப்பினர் விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டார்.