மூக்கையா கேட்ட துப்பாக்கி

"சாமி, நாய்க்குப் பங்கு வச்ச பிறகுதான் எனக்குப் பங்கு. இது அடுக்குமா?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மூக்கையா கேட்டுவிட்டான். ஐம்பது தாண்டிய ஆள். கண்ணில் தண்ணீர் நின்றது.

துப்பாக்கிச் சாமி அவனைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் அவரும் சுட்டவர்தான். வேட்டையை விட்டுவிட்டேன் என்று நேர்ந்துகொள்கிறவர்கள் தங்கள் ஏர்கன்னைக் கொண்டுவந்து அவர் குகையில் சாத்திவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். பாதிப் பேர் அடுத்த பங்குனிக்குள் புதுசு வாங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

"விவரமாச் சொல்லு," என்றார் சாமி.

"முப்பது வருசமா முள்ளுப் புதருக்குள்ள எறங்கிக் கலைச்சு விடுறவன் நான். முயலு வெளிய ஓடும். என் மச்சான் ராசாங்கம் வரப்புல நின்னுக்கிட்டு ஒரு விசில் அடிப்பாரு. அது நின்னு திரும்பிப் பாக்கும். சுட்டுருவாரு."

"சரி."

"கறி பிரிக்கையில தொடை ரெண்டும் துப்பாக்கிக்காரருக்கு. ஈரல் நாய்க்கு. அதுக்கப்புறம் எனக்குக் கழுத்தெலும்பு. அதையும் கையில குடுக்க மாட்டாரு சாமி. எறிவாரு. போன வாரம் என் மருமகன் பாத்துக்கிட்டு இருக்கையில எறிஞ்சாரு."

சாமி தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"ஒரு துப்பாக்கி. இதுவரைக்கும் கையால தொட்டதில்ல. மொதத் துப்பாக்கி எது நல்லதுன்னு நீங்கதான் பொறுக்கித் தரணும்."

கள்ளை விட்டவனிடம் போய் எந்த மரத்துக் கள் நல்லது என்று கேட்பதுபோலத்தான். சாமி கோபிக்கவில்லை. மூலையைக் கைகாட்டினார்.

மூக்கையா இருப்பதிலேயே நீளமானதை எடுத்தான். ஆசை யாரை விட்டது? குழலை மடக்கப் பார்த்தான். ஸ்பிரிங் அசையவில்லை. தொடையில் அண்டக்கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை மடக்கினான். மறு தடவை கை வெடவெடவென்று ஆடியது.

"ஆடுற கை எங்கே சுடும்?" என்றார் சாமி.

"முயலோட காலைச் சுட்டுரும்."

"காலொடிஞ்ச முயல்?"

"புதருக்குள்ள பூந்துரும். நான்தான் உள்ள போயித் தேடுவேன். சில நாளு கெடைக்காது. கத்துறது மட்டும் கேக்கும்."

அவனே அதை மூலையில் திருப்பி வைத்துவிட்டான்.

அடுத்தது பளபளவென்று வார்னிஷ் அடித்தது. பிள்ளை விளையாட்டுபோல மடங்கியது. குகை வாசலுக்கு எதிரே கிடந்த பனைமட்டையைச் சுட்டான். குண்டு மட்டையில் பட்டுத் தரையில் உருண்டது.

"இதுக்குக் கவட்டை வில்லே தேவலாம் மாப்ளே!" என்று வெளியே சிரித்தான் வெள்ளைக்கண்ணு.

மூக்கையாவோடு கூட வந்தவன் அவன். முப்பது வருடமாக இருவரும் ஒரே புதரின் இரண்டு பக்கமும் இறங்குகிறவர்கள். மூக்கையாவைக் கட்டுவிரியன் கடித்த அன்று தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடியவன்.

மூன்றாவதைச் சாமியே எடுத்துக் கொடுத்தார். பழைய கட்டை, பிடியில் கறுப்பு டேப் சுற்றியது. பார்க்க லட்சணமில்லை. மூக்கையா மடக்கினான், நிமிர்த்தினான், மறுபடி மடக்கினான். கை ஆடவில்லை.

வெள்ளைக்கண்ணு ஓடிப்போய்ப் பாறைமேல் புளியம்பழங்களை வரிசையாக வைத்தான். ஒன்று உடைந்தது. அடுத்ததும் உடைந்தது.

"பட்டுச்சு மாப்ளே! இன்னொண்ணு போடு!" சுட்டவனைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வெயிலில் ஓடிக்கொண்டே இருந்தான்.

"இதுதான் உனக்கு," என்றார் சாமி. "கிட்டப் போய்ச் சுடு. தலையில பட்டா வலி தெரியாமப் போயிரும். தூரத்துல நின்னு ஆசைப்படாதே."

மூக்கையா துப்பாக்கியைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டான். வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

"இனிமே எவன் எனக்கு எறியிறான்னு பாத்துடுறேன். வர்ற வெள்ளிக்கிழமை நான்தான் வரப்புல நிப்பேன். என் மருமகனையும் வரச் சொல்லியிருக்கேன்."

"நீ வரப்புல நின்னா புதருக்குள்ள யாரு எறங்குறது?"

"வெள்ளைக்கண்ணு இருக்கானே!" அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவன் ஒண்ணும் கேக்க மாட்டான் சாமி. எதைப் போட்டாலும் தின்னுக்குவான்."

சாமி வாசலைப் பார்த்தார்.

உடையாமல் மிஞ்சிய புளியம்பழங்களைத் துண்டில் முடிந்துகொண்டு வெள்ளைக்கண்ணு அங்கே நின்றிருந்தான்.

மூக்கையா துப்பாக்கியை மார்பிலிருந்து மெல்லக் கீழே இறக்கினான்.

வெள்ளைக்கண்ணு துண்டைத் தோளில் போட்டான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மூக்கையாவிடம் இரண்டு கையையும் நீட்டினான்.

"குடுங்க ஐயா," என்றான். "நான் தூக்கிட்டு வர்றேன்."