அசையாத முகம்

அநியாயம் நடந்தது ஆராய்ச்சி மாணவி தாட்சாயணிக்கு. மூளைப் பதிவு அறையை, நேற்று வந்த பெனாசிருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் டாக்டர் சொர்ணவல்லி. வருஷக்கணக்காகக் காத்திருந்தவளுக்கு மறுபடியும் தாய்மார் அறை.

சொர்ணவல்லி லேசுப்பட்டவர் இல்லை. பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காத ஆஸ்பத்திரியில், இடைச்சுவரை உடைத்துக் கதவு வைத்தவர். தாய் வாடினால் பிள்ளையின் மூளை எப்படி வளரும்? ஆயுசு முழுக்க அவர் துரத்திய கேள்வி அது ஒன்றுதான்.

தாய்மார் அறையில் வேலை இது. குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயிடம் தாட்சாயணி சொல்வாள்:

"அக்கா, இப்ப சும்மா பாருங்க. சிரிக்காதீங்க, பேசாதீங்க. நான் சொல்ற வரைக்கும் முகம் கல்லு மாதிரி இருக்கணும்."

குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். பிறகு கத்தும். பிறகு அழும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் தலையில் மாட்டிய தொப்பியிலிருந்து வரும் மூளை அலைகளை அடுத்த அறையில் ஒருவர் படிப்பார்.

அந்த ஒருவர் இனி பெனாசிர்.

வயிறு எரிய, தாட்சாயணி நேராக டாக்டரின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒரு நியாயம் கேக்கணும்."

சொர்ணவல்லி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தாட்சாயணி சிரித்து வைத்தாள். "டீ குடிச்சாச்சா மேடம்? இல்ல, அதையும் பெனாசிர்தான் கொண்டு வரணுமா?"

பதில் இல்லை. கண் மட்டும் அவள் மேலேயே இருந்தது.

"அவளுக்கு மூளை. எனக்கு மூக்குச் சிந்துற முந்தானை. இது என்ன பங்கு? அவ கட்டுரையில அலை அலையா படம் வரும். என்னுதுல என்ன வரும்? 'தாய் அழுதாள்'னா?"

பதில் இல்லை.

"காது கேக்குதா மேடம்? அவகிட்ட மட்டும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்க, கேன்டீன்ல பார்த்தேன். நான் என்ன பண்ணினேன்? ஏதாவது சொல்லுங்க! திட்டவாவது செய்யுங்க!"

வராந்தாவில் போன நர்ஸ் நின்று பார்த்துவிட்டு நடந்தாள். டாக்டரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

பட்டிமன்ற மேடைகளில் எதிரணியை ஓட ஓட விரட்டியவளுக்குக் கண் நிறைந்தது. இந்த அம்மாள் பார்க்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பியவள் அப்படியே நின்றாள்.

சிரித்தாயிற்று. கத்தியாயிற்று. அழுதும் ஆயிற்று. இப்போது முகத்தையும் திருப்பியாயிற்று.

"மேடம்..."

சொர்ணவல்லியின் முகம் மலர்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. உன் தலையில தொப்பி மாட்டியிருந்தா, அலை தாறுமாறா ஓடியிருக்கும். பெனாசிர் அதை அழகா படிச்சுச் சொல்லியிருப்பா. இப்ப நீ சொல்லு. வைத்தியம் யாருக்குப் பார்க்கணும்? அழுத உனக்கா, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கா?"