பிடுங்கிப் பார்த்த ஒயர்

நாமக்கல் புறவழிச் சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்திய புஷ்பலீலாவை லாரிக்காரர்கள் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அவரிடம் தொழில் கற்ற ஞானதுரைக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். வாய் மட்டும் இரண்டு மடங்கு.

அன்று காலை, பிள்ளைகளோடு நடுவழியில் நின்றுபோன பள்ளி வேன் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டுப் பாட்டுக் கேக்கறார் மாஸ்டர். பேட்டரி என்ன பண்ணும்?"

இதையே ஞானதுரை பள்ளி நிர்வாகியிடமும் போனில் சொல்லியிருந்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி டிரைவர் சிக்கந்தருக்கு உத்தரவாகிவிட்டது. அவர் வாசலில் நிர்வாகிக்காகக் காத்து நின்றார்.

மாஸ்டர் சார்ஜ் ஏறிய வேறு பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை வோல்ட். ஆக்சிலரேட்டரை மிதித்தும் எண் ஏறவில்லை.

"எவ்வளவு காட்டணும்?"

"பதினாலு."

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பிரித்தார். டயோடுகள் கருகிக் கிடந்தன.

"முந்தாநாள் பெல்ட்டு கத்துதுன்னு வந்த வண்டிதானே இது? அப்ப சார்ஜ் ஏறுச்சா?"

"ஏறுச்சு மாஸ்டர்."

"எதை வச்சுப் பாத்தீங்க?"

"மீட்டர்தான்."

"மீட்டர் அன்னைக்கு என்கூட ராசிபுரத்துல இருந்துச்சு."

ஞானதுரையின் காது மடல்கள் எரிந்தன. முந்தாநாள், நாலு பேர் வேடிக்கை பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கிக் காட்டியிருந்தான். "பாத்தீங்களா, வண்டி நிக்கல. ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு." அப்படிப் பிடுங்கினால் மின்னழுத்தம் எகிறி டயோடு வெந்துவிடும் என்று மாஸ்டர் என்றோ சொல்லித் தந்திருந்தார். வேன் நின்ற செய்தி வந்ததும் அவனுக்கு முதலில் நினைவு வந்தது அந்த ஒயர்தான். அதனால்தான் முந்திக்கொண்டு டிரைவரின் பாட்டு மேல் பழியைப் போட்டான்.

வாசலிலிருந்து சிக்கந்தர் தயங்கித் தயங்கி ஞானதுரையிடம் வந்தார்.

"அண்ணா, பாட்டுக் கேட்டது நெசந்தானுங்க. சாப்பிடற நேரத்துல மட்டுந்தான். அதுலயா இத்தனையும் போச்சு? தெரியாமப் பண்ணிட்டனுங்க."

ஞானதுரையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே நிர்வாகியின் கார் வந்து நின்றது. சிக்கந்தர் சாவியோடு திரும்பி நடந்தார்.

"மாஸ்டர்... நிர்வாகிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மாஸ்டர் கருகிய டயோடுகளைத் துணியில் வைத்தார்.

"நல்லா ஓடின வண்டியில திடீர்னு கோளாறு வந்தா எங்கிருந்து தேடணும்?"

"கடைசியா கை வச்ச இடத்துலேருந்து."

"அங்கிருந்தே பேச ஆரம்பிங்க. அவர் சாவியைக் குடுத்துடப் போறார்."