கரண்டி யார் கையில்

“அவிய வர மாட்டேங்கறாங்கம்மா,” என்றார் மாரப்பன்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

குருவின் பெயர் வேலாத்தாள். வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. விசைத்தறியை மகன்களிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். அந்த மடம் அப்படி.

“யாரு வர மாட்டேங்கறாங்க?”

“ஒடிசாக்காரங்க. லைன் வீட்டு ஆளுக. சமபந்தி விருந்து மூணு தடவை வெச்சுட்டோம். மொதத் தடவை கூடம் நெறைஞ்சுது. ரெண்டாந் தடவை பத்துப் பேரு. நேத்து ரெண்டே பேரு. அதுல ஒருத்தன் வழி தப்பி வந்தவன்.”

குரு சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்கம்மா.”

“சரி. சிரிக்கலை.”

நடந்தது இதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் அந்த ஊரில் எல்லோர் போனிலும் ஒரு செய்தி சுற்றியது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறதாம். பச்சைப் பொய். அந்த வாரத்தில் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்தது. வழியில் போன சுதாம் தூக்கி நிறுத்தினான். ஒடிசாக்காரன். ஒன்பது வருடமாக அதே ஊரில் தறி ஓட்டுகிறவன். யாரோ ஒருவன் கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. கம்பத்தில் கட்டினார்கள். குழந்தையின் தாய் ஓடி வந்து உண்மையைச் சொல்வதற்குள் அவனுடைய இடது கை ஒடிந்திருந்தது.

ஊர் வெட்கப்பட்டது. வெட்கப்பட்ட ஊர் ஒரு குழு அமைத்தது. நல்லிணக்கக் குழு. தலைவர் மாரப்பன்.

மனுஷன் உழைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. சுவர்களில் கிறுக்கியிருந்த வசவுகளைத் தானே சுண்ணாம்பு அடித்து மறைத்தார். ‘வடக்கனுக்கு முடி வெட்டுவதில்லை’ என்று அட்டை தொங்கிய கடையில் போய் உட்கார்ந்து, அட்டை இறங்குகிறவரை எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்து உறுதிமொழி எடுக்க வைத்தார். அப்புறம்தான் விருந்து.

“இப்ப சுதாம் ஊரை விட்டே போறான்,” என்றார். “பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு. ஞாயித்துக்கெழமை ரயிலு. டிக்கெட் எடுத்தாச்சு. அவனே போயிட்டா இந்தக் குழு எதுக்குங்க? நான் எதுக்கு?”

குரு இப்போது தலை தூக்கினார்.

“விருந்துல என்ன பண்ணுனீங்கண்ணா?”

“வாசல்லயே நின்னு சந்தனம் குடுத்தோம். மாலை போட்டோம். முன் வரிசையில உக்கார வெச்சோம். போட்டோ எடுத்தோம். நானே என் கையால பரிமாறினேன். போதும் போதும்னாங்க. நான் உடலையே! இன்னும் என்னதாங்க பண்றது?”

“சமைச்சது?”

“நாங்கதான்.”

“எடம்?”

“நம்ம கூடம்.”

“கரண்டி யார் கையில இருந்துச்சு?”

“எங்க கையிலதான். இதென்னங்க கேள்வி? விருந்தாளி கையிலயா குடுப்பாங்க?”

குரு கீரையை முறத்தோடு தள்ளி வைத்தார்.

“எனக்குப் பசிக்குதுங்ணா.”

“உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாக்கட்டுங்களா?”

“வேண்டாம். வாங்க.”

லைன் வீடு ஊருக்குக் கடைசியில். இரண்டு பக்கமும் ஆறு ஆறு அறைகள், நடுவில் நீளமாக ஒரு நடை, ஒரே ஒரு குழாய். குழு இரண்டு முறை அங்கே வந்திருக்கிறது. கேட்டோடு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

குரு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மாரப்பன் ஒரு நொடி நின்றார். பிறகு போனார்.

கடைசி அறை. சுதாமின் மனைவி சாவித்ரி துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன. ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை. போய்விடலாம் என்று சொன்னதும் அவள்தான்.

சுதாம் எழுந்து நின்றான். மாரப்பனைப் பார்த்ததும் அவனுடைய வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது.

“மறுபடி விருந்தா? நான் வரலை.”

“விருந்து இல்லை தம்பி. எனக்குப் பசிக்குது. சனிக்கெழமை எங்களுக்குச் சோறு போடுவியா?”

“யாருக்கு?”

“எனக்கு, இவருக்கு. குழுவுல இன்னும் நாலு பேரு இருக்காங்க.”

“எங்க?”

“இங்கதான்.”

சாவித்ரி ஒடியாவில் என்னவோ கேட்டாள். அவன் சொன்னான். அவள் மாரப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். சாக்கின் கட்டை அவிழ்த்தாள். பெரிய பானையை வெளியே எடுத்து வைத்தாள்.

பதில் அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மாரப்பனுக்கு மனசு ஆறவில்லை. “பாவங்க அவிய. ஊரை விட்டுப் போற நேரத்துல அவங்ககிட்டப் போயி சோறு கேக்கறதா?”

“பாவமா?” என்றார் குரு.



சனிக்கிழமை மத்தியானம். குழுவில் நால்வருக்குச் சொல்லியிருந்தது. இருவர் வந்தார்கள். மற்ற இருவரில் ஒருவருக்குச் சர்க்கரையாம். இன்னொருவருக்கு வயிறு சரியில்லையாம், சாப்பிடுவதற்கு முன்னாலேயே.

நடையில் பாய் விரித்திருந்தார்கள். தட்டுகள் ஆளுக்கொரு அறையிலிருந்து வந்தவை. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அத்தனை அறைக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

சாவித்ரி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். சுதாம் கரண்டியைப் பிடித்தான். இன்னும் எலும்பு கூடாத இடது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது.

“காலை மடக்கு,” என்றான், வந்த இருவரில் ஒருவரான இரும்புக்கடைச் சென்னியப்பனிடம். “கொஞ்சம் தள்ளி உக்காரு.”

சென்னியப்பனுக்கு முகம் சிவந்தது. “என்ன தம்பி, வா போங்கறே? வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“நாம பேசுனதைக் கேட்டுத்தானே அவன் தமிழ் கத்துக்கிட்டான்,” என்றார் குரு.

சென்னியப்பன் காலை மடக்கினார். தள்ளியும் உட்கார்ந்தார்.

குருவின் தட்டில் சோறு விழுந்தது. சென்னியப்பன் தட்டில் விழுந்தது. அடுத்தவர் தட்டிலும் விழுந்தது. சுதாம் மாரப்பன் முன்னால் வந்தான். கரண்டி சாய்ந்தது.

மாரப்பனின் கை தட்டின்மேல் விரிந்து அதை மூடிக்கொண்டது.

அவர் மூடவில்லை. அதுவாகப் போனது.

“போதும்,” என்றது வாய்.

தட்டில் ஒரு பருக்கை இல்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குரு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

மாரப்பன் தன் கையைப் பார்த்தார். சந்தனம் கொடுத்த கை. சுண்ணாம்பு அடித்த கை. உறுதிமொழிக்கு எல்லோருக்கும் முன்னால் நீண்ட கை. யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“சுதாம்,” என்றார்.

“ம்.”

“அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். உன்னைக் கட்டும்போது. அடிக்கலை. தடுக்கவும் இல்லை. சும்மா நின்னேன்.”

இதை அவர் குழுவில் சொன்னதில்லை. குருவிடமும் சொன்னதில்லை.

“தெரியும்,” என்றான் சுதாம். “பாத்தேன். பச்சைத் துண்டு போட்டிருந்தே.”

“தெரிஞ்சுமா எனக்குச் சோறு…”

“கையை எடு. சோறு சூடா இருக்கு. சுட்டுடும்.”

மாரப்பன் கையை எடுத்தார்.

சோறு விழுந்தது. காய்கள் போட்ட பருப்பு விழுந்தது. அப்புறம் கடுகை அரைத்து விட்ட கத்தரிக்காய். அவர் சாப்பிட்டார். கடுகு மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நிற்கவில்லை. தாடையில் வழிந்து தட்டில் சொட்டியது. துடைக்காமல் சாப்பிட்டார்.

சாவித்ரி பாத்திரத்தோடு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்து கணவனிடம் ஒடியாவில் சொன்னாள். நாலைந்து வார்த்தைதான்.

சுதாம் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். ஏதோ கேட்டான்.

அவள் அதையே இன்னொரு முறை சொன்னாள்.

“என்ன சொல்லுது அம்மிணி?” என்றார் மாரப்பன்.

சுதாம் கரண்டியை மறுபடி கையில் எடுத்தான்.

“அடுத்த தடவை கடுகு கம்மியா போடறாளாம்.”